2×6 சுவரில் 24 அங்குல இடைவெளி: வீடு தாங்குமா?

புதுமனைக்காரன் கேட்டது

வணக்கம். மரச்சட்டக வீடு ஒன்று கட்டப் போகிறேன். ஒரே தளம், மேலே ட்ரஸ் (முக்கோண மரச்சட்டங்கள்) கூரை. குளிர்காலம் நீளமான இடம் என்பதால் சூடேற்றும் செலவைக் குறைப்பதுதான் முதல் கவலை. வரைபடம் கைக்கு வந்துவிட்டது. வெளிச்சுவர் எல்லாம் 2×6 ஸ்டட் (சுவருக்குள் நிற்கும் நெட்டுக்கட்டை, பெயரளவில் 2 அங்குலத்துக்கு 6 அங்குலம்), நடுவுக்கு நடு 16 அங்குலம், இடையில் ஆர்-21 கண்ணாடி இழைப் பஞ்சு (ஆர் என்பது வெப்பத்தைத் தடுக்கும் அளவு, கூடக் கூட நல்லது).

போன வாரம் தூக்கம் வராமல் தெற்குச் சுவரில் எத்தனை கட்டை வருகிறது என்று பென்சிலால் புள்ளி வைத்து எண்ணினேன். சுவர் 36 அடி நீளம், 8 அடி உயரம். 3 அடி அகலமும் 4 அடி உயரமும் உள்ள ஜன்னல் 4. உள்ளிருந்து இரண்டு தடுப்புச் சுவர்கள் வந்து இதில் முட்டுகின்றன. 16 அங்குலத்துக்கு ஒன்று என்றால் 28 ஸ்டட்தானே வரவேண்டும்? எண்ணி முடித்தபோது நெட்டுக்கட்டை 44, ஜன்னல்களுக்குக் கீழே குட்டைக்கட்டை 16. மொத்தம் 60. ஒவ்வொரு ஜன்னல் தலையிலும் இரண்டு 2×12 சேர்த்த ஹெடர் (திறப்பின் மேல் சுமை தாங்கும் குறுக்குக்கட்டை) வேறு. இத்தனை மரத்துக்கு நடுவில் பஞ்சு எங்கே போகும் என்று புரியவில்லை.

24 அங்குல இடைவெளியில் கட்டினால் மரமும் மிச்சம், பஞ்சுக்கும் இடம் என்று படித்தேன். தச்சரிடம் கேட்டேன். "ஆடும், வேண்டாம்" என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டார். வரைந்து கொடுத்தவரோ "எப்போதும் இப்படித்தான் போடுவோம்" என்கிறார். எப்போதும் போடுவது ஒரு காரணமா?

24 அங்குலம் உண்மையிலேயே தாங்குமா? மேல் பிளேட் (ஸ்டட்டுகளின் தலையில் படுக்க வரும் கட்டை) இரண்டுக்குப் பதில் ஒன்று போதும் என்கிறார்களே, அதை நம்பலாமா? எல்லாம் செய்தாலும் சூடு மிச்சமாவது கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இருக்குமா, இல்லை காகிதத்தில் மட்டும்தானா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய ரம்பம் எழுதியது

தம்பி, பென்சிலால் புள்ளி வைத்து எண்ணினீர்களே, பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது. வீடு கட்டுபவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூட அதைச் செய்வதில்லை. நான் 30 வருடமாகச் சட்டகம் அடிக்கிறேன். அதில் முதல் 15 வருடம் நானும் எண்ணியது கிடையாது.

உங்கள் 60-ஐ உடைத்துப் பார்ப்போம். வரிசை ஸ்டட் 28. ஜன்னல் வரும் இடத்தில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு போய்விடும், மீதி 20. அப்புறம் ஒவ்வொரு ஜன்னலுக்கும் இரண்டு பக்கமும் ஒரு முழுக்கட்டை, அதை ஒட்டி ஹெடரைத் தாங்க ஒரு முட்டுக்கட்டை. நான்கு ஜன்னலுக்கு 16. இரண்டு மூலையிலும் கூடுதலாக இரண்டிரண்டு, தடுப்புச் சுவர் முட்டும் இரண்டு இடத்திலும் இரண்டிரண்டு. ஆக 44. இதில் கூரையைத் தாங்குவது எது, ஆணி அடிக்க ஒரு பிடிமானம் வேண்டுமே என்று நிற்பது எது, வெறும் பழக்கத்தால் நிற்பது எது என்று பிரித்துப் பாருங்கள். அந்தப் பழக்கத்துக்குத்தான் நீங்கள் வருடா வருடம் சூடேற்றும் காசு கட்டப் போகிறீர்கள்.

இது புதிய யோசனையும் கிடையாது. 1970களில் அமெரிக்க வீட்டுவசதித் துறைக்காக, வீடு கட்டுவோர் சங்கத்தின் ஆய்வுப் பிரிவு இதை முறையாக வகுத்துக் கொடுத்தது. அப்போது அவர்களுக்குக் கட்டும் செலவைக் குறைப்பதுதான் நோக்கம். சூடு மிச்சமாகும் என்பது பின்னால்தான் பெரிதாகப் பேசப்பட்டது.

சரி, ஆடுமா? ஐஆர்சி என்று சுருக்கிச் சொல்லும் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பில் இதற்கு ஒரு பட்டியலே இருக்கிறது. 10 அடி உயரம் வரையுள்ள சுமைச் சுவரில் 2×6 ஸ்டட், கூரையோடு ஒரு தளத்தையும் சேர்த்து 24 அங்குல இடைவெளியில் தாங்கலாம். உங்களுக்குக் கூரை மட்டும்தான். கூரையோடு இரண்டு தளத்தையும் சேர்த்துத் தாங்க வேண்டியிருந்தால்தான் 16-க்கு வரவேண்டும். சுவர் பக்கவாட்டில் ஆடாமல் பிடிப்பது வெளியே அடிக்கிற ஓஎஸ்பி பலகையும் (மரச்சீவல்களை ஒட்டி அழுத்தியது) அதன் ஆணி வரிசையும்தான். ஸ்டட்டை நெருக்கி வைத்துவிட்டுப் பலகையோரத்தில் ஆணியைக் கஞ்சத்தனமாக அடித்த வீடு, 24-இல் ஒழுங்காக ஆணி அடித்த வீட்டைவிட அதிகம் ஆடும். உங்கள் தச்சரின் பயம் இடைவெளியைப் பார்த்து வருகிறது. அவர் கவலைப்பட வேண்டிய இடம் ஆணி.

மரம் உண்மையில் எங்கே குறைகிறது தெரியுமா? எல்லோரும் 16, 24 என்பதிலேயே நின்றுவிடுவார்கள். என் கணக்கில் மூலை, ஜன்னல், தடுப்புச் சுவர் முட்டும் இடம், இந்த மூன்றும்தான் பெரிய தீனிக்காரர்கள்.

மூலையை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான மூலையில் மூன்று நான்கு கட்டையை வைத்து ஒரு பெட்டி மாதிரி அடிப்பார்கள். நடுவில் ஒரு பொந்து. வெளிப்பலகை அடித்த பிறகு அந்தப் பொந்துக்குள் பஞ்சு வைக்க யாராலும் கை விட முடியாது. வீட்டிலேயே அதிகம் குளிர்கிற இடம் மூலை, அங்கே காற்றை அடைத்து வைக்கிறோம். இரண்டு கட்டை மூலை என்றால் ஒவ்வொரு சுவரின் கடைசி ஸ்டட் மட்டும்தான். உட்பக்கம் திறந்திருக்கும், பஞ்சு மூலை வரை போகும். டிரைவால் (உட்பக்கம் அடிக்கும் ஜிப்சம்) பலகையின் ஓரத்துக்குப் பிடிமானம் வேண்டுமே என்றால் அதற்குச் சின்ன கிளிப் இருக்கிறது. கிளிப் பிடித்த பலகையை அந்த மூலையில் திருகக் கூடாது, சும்மா பிடித்திருக்க விடவேண்டும். என் முதல் வீட்டில் டிரைவால் போட வந்தவர் பழக்க தோஷத்தில் திருகிவிட்டார். அடுத்த குளிர்காலத்தில் மூலைக்கு மூலை நெட்டுக்கு விரிசல். திட்டு எனக்குத்தான் விழுந்தது.

தடுப்புச் சுவர் முட்டும் இடத்தில் முழுநீளக் கட்டை தேவையே இல்லை. பக்கத்து இரண்டு ஸ்டட்டுக்கு நடுவில் ஏணிப்படி மாதிரி துண்டுக்கட்டையைக் குறுக்கே அடித்து, தடுப்புச் சுவரை அதில் பிணைத்தால் போதும். துண்டுக்கட்டைக்குப் பின்னால் பஞ்சு போகும். அறுத்து மிஞ்சிய துண்டுகளுக்கும் இது நல்ல கதி.

ஜன்னலில் இரண்டு விஷயம். ஒன்று, ஜன்னலின் ஒரு பக்கமாவது ஸ்டட் வரிசையில் விழும்படி நகர்த்துங்கள். 3 அடி ஜன்னலுக்கு ஒரு ஓரம் ஏற்கெனவே இருக்கும் ஸ்டட்டாகிவிடும், மறு ஓரத்துக்கு ஒன்று சேர்ப்போம், நடுவில் ஒன்று போகும். கூட்டிக் கழித்தால் பூஜ்யம். இரண்டாவது, ஹெடர். 3 அடித் திறப்புக்கு இரண்டு 2×12 எதற்கு? எல்லா ஜன்னலுக்கும் ஒரே அளவாக அறுத்தால் யோசிக்க வேண்டாம், அதற்குத்தான். கூரையின் அகலமும் பனிச்சுமையும் தெரிந்தால் விதித்தொகுப்பின் பட்டியலிலேயே அளவு கிடைக்கும். ஒற்றை 2×8 போதும் என்று வந்தால் அதை வெளிப்பக்கம் ஒட்டி வைத்து, உட்பக்கம் மிஞ்சும் 4 அங்குலத்தில் நுரைப்பலகை வைக்கலாம். பட்டியலில் முட்டுக்கட்டை ஒன்று போதும் என்று இருந்தால், அந்த ஒன்றுக்கும் பதிலாக ஹெடரைப் பக்கத்து முழுக்கட்டையில் அடித்த இரும்புப் பிடிப்பில் தொங்கவிட விதி இடம் தருகிறது. கூரைச் சுமை விழாத சுவர்களில் ஹெடரே வேண்டாம். 8 அடித் திறப்பு வரை ஒரு கட்டையைப் படுக்கப் போட்டால் முடிந்தது.

இப்படிப் போனால் உங்கள் தெற்குச் சுவரில் நெட்டுக்கட்டை 19, குட்டைக்கட்டை 4. அறுபதுக்கு இருபத்துமூன்று. கூடவே கொஞ்சம் துண்டு.

மேல் பிளேட்டைப் பற்றிக் கேட்டீர்கள். ஒற்றை பிளேட் போட விதி அனுமதிக்கிறது. ஆனால் ஒவ்வொரு ட்ரஸ்ஸும் ஸ்டட்டின் நேர்மேலே, 1 அங்குலத்துக்குள் வந்து உட்காரவேண்டும். பிளேட் ஒட்டுப்போடும் இடங்களில் இரும்புத் தகடு வேண்டும். நான் இதில் ஒருமுறை சூடுபட்டவன். சுவரை இடது கோடியிலிருந்து அளந்து கோடு போட்டேன், கூரை ஆட்கள் வலது கோடியிலிருந்து அளந்தார்கள். வீட்டு நீளம் 24-இல் சரியாக வகுபடவில்லை. கூரை ஏறிய பிறகு பார்த்தால் ஒரு பக்கம் முழுக்க ட்ரஸ் எல்லாம் ஸ்டட்டுக்கு ஸ்டட் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. கீழே 11 ஸ்டட் சொருகினோம். மிச்சப்படுத்திய மரம் அத்தனையும் அன்று மாலையே திரும்பி வந்துவிட்டது.

இன்னொரு சங்கடம். கடையில் அறுத்து வரும் ஸ்டட் 92 அங்குலம் 5 நூல் (எட்டு நூல் ஒரு அங்குலம்). அது இரட்டை மேல் பிளேட்டுக்காகவே கணக்குப் பண்ணி அறுத்தது. ஒற்றை பிளேட் என்றால் 94 அங்குலம் 1 நூல் வேண்டும். அந்த அளவில் கிடைக்காவிட்டால் நீளக்கட்டையை வாங்கி ஒவ்வொன்றாக அறுக்க வேண்டும். உங்கள் 36 அடிச் சுவரில் ஒரு பிளேட்டை எடுத்தால் குறையும் மரப்பரப்பு நாலரை சதுர அடிதான். தச்சர் ஏற்கெனவே முறைக்கிறார். இதற்காக அவரோடு மல்லுக்கு நிற்காதீர்கள். இரட்டை 2×6 பிளேட் இருக்கட்டும். அது இருந்தால் ட்ரஸ் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாலும் விதி மன்னித்துவிடும். மூலையையும் ஜன்னலையும் வென்றால் போதும்.

வெப்பக்கணக்கு எழுதியது

வீடுகளின் வெப்பக் கசிவை அளப்பது என் வேலை. "கண்ணுக்குத் தெரியுமா" என்று கேட்டிருந்தீர்களே, நிஜமாகவே தெரியும். பழைய வீடுகளில் உட்சுவரில் நெட்டுக்கு நெட்டு மங்கலான சாம்பல் கோடுகளைப் பார்த்திருப்பீர்கள். ஸ்டட் இருக்கும் இடத்தில் டிரைவால் கொஞ்சம் குளிர்ந்திருக்கும், ஈரப்பசையில் தூசு அங்கே அதிகம் ஒட்டும். வருடக்கணக்கில் சுவர் தன் எலும்பைத் தானே வரைந்து காட்டும். வெப்பக் கேமராவில் பார்த்தால் அது முதல் நாளே தெரியும்.

காரணம் எளிது. மென்மரத்தின் ஆர் மதிப்பு அங்குலத்துக்கு 1.25 அளவில்தான். 2×6 என்று பெயர், உண்மையில் ஆழம் 5.5 அங்குலம். ஆக ஸ்டட் வழியாக ஆர்-7. பக்கத்தில் பஞ்சு ஆர்-21. வெப்பம் எந்த வழியாகப் போகும்?

பழைய ரம்பம் ஐயா உடைத்த கணக்கை நான் பரப்பாக மாற்றினேன். 288 சதுர அடிச் சுவரில் ஜன்னல் போக 240. உங்கள் வரைபடப்படி மரம் மட்டுமே சுமார் 73 சதுர அடி. அதாவது 30 சதவீதம். அவர் சொன்னபடி, இரட்டை பிளேட்டையும் வைத்துக்கொண்டு, சுமார் 17 சதவீதம். டிரைவால், வெளிப்பலகை, இருபுறக் காற்றுப் படலம் எல்லாவற்றுக்கும் சேர்த்து இன்னொரு ஆர்-2.5 போட்டுக்கொண்டு கணக்குப் பார்த்தால், முதல் சுவர் மொத்தத்தில் ஆர்-16. பஞ்சின் உறையில் 21 என்று அச்சடித்திருப்பதை நம்பி வாங்கியவருக்குக் கிடைப்பது இதுதான். இரண்டாவது சுவர் ஏறத்தாழ ஆர்-19. அந்தச் சுவர் வழியாகப் போகும் வெப்பம் சுமார் 13 சதவீதம் குறைகிறது, அதுவும் மரத்தைக் குறைத்து! வாங்கும் பொருளைக் கூட்டாமல் ஆர் மதிப்பு கூடுவது இந்தத் தொழிலில் அபூர்வம்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும், ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. வெளியே தொடர்ச்சியாக ஆர்-5 நுரைப்பலகை ஒட்டினால் உங்கள் அந்த 60 கட்டைச் சுவரே ஆர்-22 ஆகிவிடும். இரண்டையும் செய்தால் 24-ஐத் தாண்டும். காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் வெளிப்போர்வைதான் அதிகம் தரும். கட்டையைக் குறைப்பதற்குக் காசே வேண்டாம் என்பதால் இந்தப் போட்டியே தேவையில்லை என்றும் சொல்லலாம்.

போர்வை ஒட்டுவதானால் மெல்லியதாக ஒட்டிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். குளிர் மிகுந்த இடத்தில், உள்ளே வெறும் பெயின்ட் மட்டும்தான் நீராவித் தடை என்றால், 2×6 சுவருக்கு ஐஆர்சி 5-ஆம் காலநிலை மண்டலத்தில் ஆர்-7.5, 6-ஆம் மண்டலத்தில் ஆர்-11.25 வெளியே வேண்டும் என்கிறது. அதற்குக் குறைந்தால் ஓஎஸ்பி குளிர்ந்தே இருக்கும், உள்ளிருந்து வரும் ஈரம் அதன் முதுகில் வியர்க்கும். நுரைப்பலகை வெளிப்பக்கம் உலரவும் விடாது. உங்கள் மண்டலம் எது என்று பார்த்துவிட்டுத் தடிமனை முடிவு செய்யுங்கள்.

அப்புறம் பஞ்சு. 24 அங்குல வரிசைக்கு அதற்கென்று அகலமான பஞ்சு வரும், அதைக் கேட்டு வாங்கவேண்டும். 16 அங்குலப் பஞ்சை இரண்டாக நெருக்கித் திணித்த வீட்டை நான் பார்த்திருக்கிறேன். ஒயருக்குப் பின்னால் அமுக்காமல், பஞ்சைப் பிளந்து ஒயரை நடுவில் விடச் சொல்லுங்கள். சட்டகத்தில் நீங்கள் சேமித்ததைப் பஞ்சுக்காரர் ஒரு மதிய நேரத்தில் தொலைத்துவிட முடியும்.

நிலைப்பொறியாளன் எழுதியது

மேலே இருவரும் சொன்னது சரிதான். ஆனால் சாதாரணக் காற்று, சாதாரண மண், சாதாரணக் கூரை என்று மூன்று "சாதாரணம்" அதில் ஒளிந்திருக்கிறது. பலத்த காற்று வீசும் இடமோ நிலநடுக்க மண்டலமோ என்றால் பட்டியலை மூடி வைத்துவிட்டு ஒரு பொறியாளரிடம் போங்கள். அங்கே ஜன்னலோரக் கட்டையின் எண்ணிக்கையைக் கூரைச் சுமை தீர்மானிப்பதில்லை. சுவரை உள்ளே தள்ளும் காற்றுதான் தீர்மானிக்கும். கூரை தூக்கிக்கொண்டு போகாமல் ட்ரஸ்ஸிலிருந்து அஸ்திவாரம் வரை இரும்புப் பட்டைகள் தொடர்ந்து வரவேண்டியிருக்கும்.

கார் நிறுத்தும் அறையின் வாசலுக்கு இருபுறமும் இருக்கும் குறுகிய சுவரில் யாரும் ஒரு கட்டையைக்கூட எடுக்க வேண்டாம். வீட்டை முறுக்காமல் பிடிப்பது அந்த இரண்டு அடிதான். கனமான உத்தரம் வந்து உட்காரும் இடத்தில் கட்டைகள் கொத்தாக நின்றுதான் ஆகவேண்டும். அதைப் பார்த்து "வீண்" என்று எடுத்த ஒருவர் வீட்டில் கூரை முகடு தொய்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

புதுமனைக்காரன் எழுதியது

மூவருக்கும் நன்றி. காற்றும் நிலநடுக்கமும் இங்கே பெரிய பிரச்சினை இல்லை, ஆனாலும் வரைபடத்தை ஒரு பொறியாளரிடம் காட்டிவிடுகிறேன்.

தச்சரிடம் திரும்பப் பேசினேன். ஐயா சொன்ன ஆணிக் கணக்கைச் சொன்னதும் கொஞ்சம் இறங்கி வந்தார். இப்போது அவருடைய எதிர்ப்பு வேறு. டிரைவால் அலை அலையாக வரும், வெளிச்சுவர்ப் பலகை அடிக்க ஆணிக்கு இடம் கிடைக்காது, சமையலறை அலமாரி மாட்ட ஸ்டட் கிடைக்காது என்கிறார். இதில் நியாயம் இருக்கிறதா?

பழைய ரம்பம் எழுதியது

மூன்றிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. நல்ல தச்சர், விட்டுவிடாதீர்கள்.

அலை வருவது வளைந்த ஸ்டட்டால். 16-இல் ஒரு வளைந்த கட்டையைப் பக்கத்துக் கட்டைகள் மறைத்துவிடும், 24-இல் மறைக்காது. கட்டு பிரித்ததும் ஒவ்வொன்றையும் ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பாருங்கள். வாழைப்பழம் மாதிரி இருப்பதைத் துண்டுக்கட்டைக்கு ஒதுக்குங்கள். 60-க்குப் பதில் 23 கட்டைதானே வேண்டும், பொறுக்கி எடுக்கத் தாராளமாக இடம் இருக்கிறது. சுவருக்கு அரை அங்குல டிரைவால் 24-இல் போதும். உட்கூரைக்கு மட்டும் தொய்யாத ரகமோ 5 நூல் தடிமனோ போடுங்கள்.

வெளிப்பலகை விஷயத்தில் அவர் சொல்வதைக் கேளுங்கள். சில ரகம் 24-இல் அடிக்கலாம் என்று தயாரிப்பாளரே எழுதியிருப்பார். வினைல் மாதிரி சிலது 16-இல் ஆணி கேட்கும். எதை அடிக்கப் போகிறீர்கள் என்பதை ஸ்டட் கோடு போடுவதற்கு முன் முடிவு செய்யவேண்டும், பிறகு இல்லை. வெப்பக்கணக்கு அம்மா சொன்ன போர்வையைத் தடிமனாக ஒட்டுவதானால் அதன் மேல் வருகிற பட்டிக்கட்டை ஸ்டட்டைத் தேடித்தான் திருகப்படும். அவர் வெளிப்போர்வை உயர்த்தி என்று சொன்னதற்கு எனக்குக் கோபமில்லை. எண் பேசும்போது ரம்பம் வாயை மூடவேண்டும்.

சமையலறைக்கு ஒரு வழி. அலமாரியின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் வரும் உயரத்தில் ஸ்டட்டுக்கு நடுவே 2×6 துண்டுகளைப் படுக்கவாட்டில் அடித்துவிடுங்கள், தட்டையாக, டிரைவால் பக்கம் ஒட்டி. பின்னால் 4 அங்குலம் பஞ்சுக்கு மிஞ்சும். அப்புறம் எங்கே வேண்டுமானாலும் திருகலாம், ஸ்டட்டைத் தட்டித் தட்டித் தேட வேண்டாம். திரைச்சீலைக் கம்பி வரும் இடத்துக்கும் அப்படியே. "மரத்தைக் குறை என்றவர் மறுபடி மரம் அடிக்கச் சொல்கிறாரே" என்று தச்சர் கேட்பார். இந்தத் துண்டுக்கு ஒரு வேலை இருக்கிறது என்று சொல்லுங்கள்.

மூடுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும், தரையிலிருந்து அளவு நாடாவை நீட்டி வைத்து, படம் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்துத் தேவைப்படும்.

புதுமனைக்காரன் எழுதியது

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். பொறியாளர் வரைபடத்தைப் பார்த்துக் கார் அறை வாசலில் மட்டும் இரண்டு கட்டை கூட்டினார், மற்றதெல்லாம் தேறிவிட்டது. ஒரே ஒரு விஷயத்தில் வீட்டில் சண்டை வந்தது. தெற்குச் சுவரின் மூன்றாவது ஜன்னலை ஸ்டட் வரிசைக்காக 5 அங்குலம் நகர்த்தினால், வெளியே இருந்து பார்க்க நான்கு ஜன்னலும் சம இடைவெளியில் இல்லை. "ஒரு கட்டைக்காக வீட்டைக் கோணலாக்குவதா?" என்று கேட்டார்கள். தோற்றுவிட்டேன். அந்த ஜன்னலுக்கு மட்டும் ஒரு கட்டை கூடுதல்.

சட்டகம் நேற்று எழுந்து நின்றது. நெட்டுக்கட்டை 20, குட்டைக்கட்டை 4. மூலைகளைப் பார்த்துவிட்டுத் தச்சர் கையை உள்ளே விட்டுத் துழாவினார். "இவ்வளவு வருஷம் இதை மூடி வைத்தோமே" என்று மட்டும் சொன்னார். சுவரை இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. அவரும் தள்ளிப் பார்த்தார், நான் அந்தப் பக்கம் போன பிறகு.

டிரைவால் அடுத்த வாரம். கிளிப் மூலையில் திருகக் கூடாது என்று பலகையிலேயே எழுதி ஒட்டட்டுமா?

பழைய ரம்பம் எழுதியது

எழுதி ஒட்டினாலும் படிக்க மாட்டார்கள். மூலையில் சிவப்பு பெயின்ட்டில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போடுங்கள், அன்று காலையில் நீங்களும் அங்கே நில்லுங்கள். அந்த ஒரு கட்டையைப் பற்றிக் கவலை வேண்டாம், வீட்டில் சமாதானமும் வேண்டுமே. குளியலறையில் வயதானவர்கள் பிடித்து எழும் கைப்பிடிக்கு, கழிப்பறைப் பீடத்தின் பக்கச் சுவரில் குறுக்குத் துண்டு வைத்தாயிற்றா? வைக்கவில்லை என்றால் டிரைவால் வருவதற்கு முன் வையுங்கள்.

புதுமனைக்காரன் எழுதியது

வைக்கவில்லை. இப்போதே தச்சரைக் கூப்பிடுகிறேன்.